கோஜினில் வெள்ளலகு மூழ்கி

போன ஜனவரியில் பாங் சுனிம் அக்கா கோஜின் துறைமுகத்தில் வெள்ளலகு மூழ்கி என்ற அபூர்வக் கடற்பறவையைப் பார்த்ததாகச் சொன்னபோது எங்கள் பறவைச் சங்கத்தில் ஒருவரும் நம்பவில்லை. கையில் படம் இல்லை. சங்கத் தலைவர் டாக் வாத்தியார் அவள் பதிவின் குறுக்கே கோடு போட்டார். "பள்ளிக்கூடத்துல சமைக்கிற அம்மாவுக்கு நீர்க்காகம்கூட அபூர்வமாத்தான் தெரியும்" என்று அவர் முணுமுணுத்தது அவள் காதிலும் விழுந்தது.

இந்த வருடம் பறவைக் கணக்கெடுப்பு நாளன்று வாடைக் காற்று ஆளையே தள்ளியது. தொலைநோக்கி நிலைகொள்ளாமல் ஆடியது. பத்து மணிக்கெல்லாம் வாத்தியார், "இன்னைக்கு ஒண்ணும் தேறாது, சூடா சூப்பு குடிக்கலாம் வாங்க" என்று எல்லோரையும் துறைமுகக் கடைக்குக் கூட்டிப் போய்விட்டார்.

அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இந்தக் காத்துக்கு வெளிக்கடல்ல எந்தப் பறவையாலயும் மீன் பிடிக்க முடியாதுடி. அலைத்தடுப்புக்கு இந்தப் பக்கம்தான் ஒதுங்கணும். பாரு, தண்ணி எப்படி அடங்கிக் கெடக்கு."

சுவரின் மறைவில் ஒரு மணி நேரம் நின்றோம்.

"கால் விரல் இருக்கா இல்லையான்னே தெரியலக்கா."

"அவுத்து எண்ணிப் பாரு. பத்து இருந்தா பேசாம நில்லு."

அப்போதுதான் முப்பது அடி தூரத்தில் ஒரு கனத்த முதுகு நீரைப் பிளந்து மேலே வந்தது. தலையைச் சற்றே அண்ணாந்து மிதந்தது. அலகு தந்தம்போல வெளுத்திருந்தது.

அக்கா கேமராவைத் தூக்கினாள். குளிரில் பேட்டரி செத்திருந்தது. மேல்கோட்டைத் திறந்து பேட்டரியைக் கழற்றி அக்குளில் வைத்து அமுக்கிக்கொண்டாள். அதற்குள் பறவை முங்கிவிட்டது. நான் மனசுக்குள் எண்பதுவரை எண்ணினேன்.

"போயிடுச்சுக்கா."

"வாய மூடு."

முன்னைவிடப் பக்கத்தில், அலகில் ஒரு நண்டோடு, அது மறுபடி எழுந்தது. பேட்டரிக்கும் உயிர் வந்திருந்தது. பதினான்கு படங்கள் எடுத்தாள். பிறகு கடைப் பக்கம் திரும்பி, காற்றையும் மீறி ஒரு கூப்பாடு போட்டாள்.

வாத்தியார் கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். தொலைநோக்கியில் குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் அத்தனை பேர் முன்னாலும், "வெள்ளலகு மூழ்கியேதான். போன வருஷம் நான் கோடு போட்டது தப்பு. மன்னிச்சுக்குங்க" என்று இடுப்பு வளைய வணங்கினார்.

"நிமிருங்க வாத்தியாரே! பறவை அந்தப் பக்கம் போகுது, நீங்க தரையைப் பாத்துட்டு நிக்கிறீங்க."

கூட்டம் சிரித்தது. அக்காவின் முகம் சிவந்து ஜொலித்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவரும் வந்து எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா இவ்வளவு சத்தம்? போன வருஷமும் இங்கதானே கெடந்துச்சு."

அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்து உலுக்கினாள். "யோவ், அதை அப்பவே வந்து சொல்றதுக்கென்ன!"

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது டாக் வாத்தியார்தான்.