ஊறிய தோல்

பின் சக்கரத்தின் பிரேக் டிரம் லேசில் கழன்று வரவில்லை. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மெக்கானிக் ஆண்டவர் அரை மணிக்கு மேல் சுற்றிச் சுற்றித் தட்டியும் அது அசையவில்லை. திருச்சியிலிருந்து வந்திருந்த மோட்டார் இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். மருதையாற்றிலிருந்து மாடு கட்டி இழுத்து வந்து பெரம்பலூர் ஷெட்டில் போட்டிருந்தார்கள் பஸ்ஸை. முகம் நசுங்கி, பெட்ரோல் பஞ்சத்துக்காக முதுகில் கட்டியிருந்த கரி அடுப்பு ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. ஆண்டவர் கடைசியில் கடப்பாரையை விட்டு நெம்பினார். டிரம் கையோடு வந்தது. உள்ளே பிரேக் கட்டையில் இருந்த தோல் கருகிய வாடை அடிக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அடித்தது விளக்கெண்ணெய் காய்ந்த வாடை.

பஸ்ஸை ஓட்டியவன் பிச்சைமுத்து, ஆண்டவரின் தங்கை பஞ்சவர்ணத்தின் புருஷன். அரியலூர் போகும் வழியில் மருதையாற்றுச் சரிவில் வண்டி நிற்காமல் ஓடி, தரைப்பாலத்தில் போய்க்கொண்டிருந்த மாட்டுவண்டியில் மோதியது. வண்டியில் இருந்த பெரியசாமியும் அவர் மகளும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். பிச்சைமுத்து தோள் எலும்பு முறிந்து அரியலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கட்டில் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். நியூட்ரலில் உருட்டிவிட்டான், அதுதான் காரணம் என்று போலீசில் எழுதிவிட்டார்கள். கரியில் ஓடும் வண்டிக்கு மேட்டில் மூச்சு வாங்கும். அதனால் இறக்கத்தில் உருட்டி, அந்த வேகத்தில் எதிர்க்கரை ஏறுவது எல்லா டிரைவரும் செய்வதுதான். 'மிதிச்சேன், நிக்கல' என்ற ஒரே பேச்சைத்தான் பிச்சைமுத்து திரும்பத் திரும்பச் சொன்னான். டிரைவர் சொல்வதை யார் நம்புகிறார்கள்? தண்ணி போட்டிருப்பான் என்று, வாழ்நாளில் கள்ளைத் தொடாதவனைப் பற்றி, கள்ளுக்கடையிலேயே உட்கார்ந்து பேசினார்கள்.

பஞ்சவர்ணம் மட்டும் நம்பினாள். தினமும் காலை வண்டியில் அரியலூர் போய்க் கஞ்சி கொடுத்துவிட்டு வந்தாள். வந்ததும் நேராக அண்ணனிடம்தான் வருவாள்.

"அவுரு மிதிச்சது பொய்யில்லண்ணே. அதுக்குள்ள என்னமோ இருக்கு. அத நீ கண்டுபுடிச்சிட்டின்னா அவுரு வூட்டுக்கு வந்துருவாரு."

"பாக்குறேன்மா" என்பார் ஆண்டவர். வேறு காரணம் இருக்க வேண்டும் என்று அவரும் வேண்டாத சாமி இல்லை.

இப்போது டிரம்மின் உள்பக்கத்தை ஒரு விரலால் வழித்தார். எண்ணெய் கருப்பாக ஒட்டியது.

பிரேக் கட்டையில் தோல் அடித்தது அவர்தான். அதை மறைக்கவில்லை, இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். யுத்தம் வந்த பிறகு பிரேக் கட்டைக்கு அடிக்கும் லைனிங் என்ற பொருளை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பழைய லைனிங் தேய்ந்து, ஆணித்தலை டிரம்மைச் சுரண்ட ஆரம்பித்ததும் வண்டியை நிறுத்திவிடச் சொன்னார் ஆண்டவர். "தோல் செருப்பு காலப் புடிக்கலையா? அந்த மாதிரி இது டிரம்மப் புடிச்சிட்டுப் போவுது" என்றார் பஸ் முதலாளி. முதலாளிகளுக்கு இந்த மாதிரி யோசனைகள் மட்டும் பஞ்சமில்லாமல் வரும். ஆனாலும் அந்தக் காலத்து வண்டிகளில் தோல்தான் இருந்தது என்று ஆண்டவர் கேள்விப்பட்டிருந்தார். குரும்பலூரில் ஒரு கிணற்றுக்காரரிடம் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலைச் சாலில் கட்டும் கனத்த தோல் கிடைத்தது. வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்த தோல். அதை உவர்மண் போட்டுத் தேய்த்து, கொதிநீரில் அலசி, மறுபடி தேய்த்து, எண்ணெய்ப் பசையே இல்லாமல் எடுத்தார். அளவாக வெட்டி வீட்டுக் கூரை மேல் காயப் போட்டார். முறுக்கு மாதிரி விறைத்துக்கொண்டது. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் எடுத்தபோது தோல் வளைந்து கொடுத்தது. பனி இறங்கியிருக்கும் என்று நினைத்தார். மேலே துடைத்தது போல் சுத்தமாக இருந்தது. லேசாக வாடை அடித்தது. பழைய தோலுக்கு அது போகவே போகாது என்று நினைத்தார். முதலாளி வாசலில் நின்று நேரமாகிறது, நேரமாகிறது என்று பிடுங்கினார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்றைக்கு ஆத்திரப்பட்டவர் முதலாளி, புத்தி மட்டுப் போனது ஆண்டவருக்கு. கட்டையில் வைத்து அடித்து, சமதரையில் ஓட்டி நிறுத்திப் பார்த்தார். கெட்டியாக நின்றது. சமதரையில் நிற்கத்தான் நிற்கும். இறக்கத்தில் மிதித்து மிதித்துச் சூடேறும்போதுதான் தோலுக்குள் இருக்கும் எண்ணெய் வெளியே வரும்.

ஆண்டவருக்குப் பெண்டாட்டி இல்லை. தங்கை வீடுதான் வீடு. அந்தக் கூரைக்குக் கீழே தோலுக்கு எண்ணெய் போடத் தெரிந்தவள் ஒருத்திதான். கல்யாணமாகி வரும் வரைக்கும் அப்பா வீட்டில் கவலைத் தோலுக்கு விளக்கெண்ணெய் போடுவது அவள் வேலை. வெயிலில் விறைத்த தோல் வெடித்துவிடும் என்பது அவளுக்குச் சோறு தின்னப் பழகியது போலப் பழகிப்போன விஷயம். புருஷன் ஓட்டுகிற வண்டிக்கு என்று தெரிந்து இன்னும் ஒரு கை கூடவே ஊற்றியிருப்பாள்.

"என்னய்யா வாடை அது?" இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார்.

ஒன்றுமில்லை என்று சொன்னால் பிச்சைமுத்து ஜெயிலுக்குப் போவான். உள்ளதைச் சொன்னால் அவன் வெளியே வருவான். தங்கை மீதிக் காலத்தை எப்படிக் கழிப்பாள்? போன இரண்டு உயிரை மனசில் வைத்துக்கொண்டு அவள் உலை வைக்க வேண்டும், புருஷனுக்குச் சோறு போட வேண்டும். ஆண்டவருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார்.

"எண்ணெய் சார். தோலு வெடிக்கக் கூடாதுன்னு நாந்தான் போட்டேன்."

"பிரேக்குல எண்ணெ படக்கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு?"

"தெரியும் சார். புத்தி கெட்டுப் போச்சு."

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இத எழுதுனா நீ உள்ள போவணும். தெரியுமில்ல?"

"எழுதிக்குங்க சார்."

கஞ்சித் தூக்கோடு பஞ்சவர்ணம் ஷெட் வாசலில் நின்றிருந்தாள். பஸ் ஏறப் போகிற வழியில் வந்தவள். எப்போது வந்தாள் என்று ஆண்டவர் கவனிக்கவில்லை. தூக்கைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"அப்புடி எழுதாதீங்க, சாமி. அண்ணன் எண்ணெயத் தொடவே இல்ல. நாந்தான் போட்டேன்."

"பஞ்சவர்ணம், நீ போ. பஸ்ஸு போயிரும்" என்றார் ஆண்டவர்.

"இருண்ணே. செய்யாதத எதுக்கு நீ ஏத்துக்குற?" இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "கூரை மேல வெறைச்சுக் கெடந்துச்சுங்க. ராவெல்லாம் ஊற வச்சு, காலையில நல்லாத் தொடச்சு, இருந்த எடத்துலயே வச்சுட்டேன். தோலுக்கு அது நல்லதுங்க. அதனால ஒண்ணும் ஆயிருக்காது. வேற என்னமோ இருக்கு, நல்லாப் பாருங்க. அவுரு மிதிச்சாருங்க."

இன்ஸ்பெக்டர் ஆண்டவரைப் பார்த்தார். ஆண்டவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் மிதிச்சதென்னமோ நெசந்தாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். குரல் தணிந்திருந்தது. "எண்ணெ பட்டா பிரேக்கு புடிக்காது."

பஞ்சவர்ணத்தின் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். மிதித்தது நிஜம் என்று ஒரு ஆபீசர் வாயால் சொல்லியாகிவிட்டது. அண்ணனைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். அவர் தலை நிமிரவில்லை. அவள் டிரம்மின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். வளையல் கையை உள்ளே விட்டு ஒரு விரலால் தொட்டு, மூக்கருகில் கொண்டு போனாள். கட்டைவிரலோடு சேர்த்து மெல்லத் தேய்த்துப் பார்த்தாள். வழுக்கியது. மறுபடியும் தேய்த்தாள்.

வெளியே அரியலூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவள் எழுந்து நின்றாள். விரலைச் சேலையில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, எங்கே துடைப்பது என்று தெரியாமல் ஷெட்டைச் சுற்றிலும் பார்த்தாள்.