கூடப் பிறந்த கிடேரி

பண்ணைக்குப் பொலிகாளை தேர்ந்தெடுக்கும் டாக்டர் தொழுவத்துக்குள் நுழைந்ததுமே அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள்.

"ஒத்தைக் கன்னுன்னே சொல்லு. இரட்டைன்னா கழிச்சிடுவாங்க."

கழித்துவிட்டால் எங்கள் காளை கசாப்புக்குத்தான் போகும். ஒன்றே கால் வருஷம் வளர்த்துவிட்டு அதைப் பார்க்கிற தெம்பு எங்கள் இரண்டு பேருக்குமே இல்லை.

நானும் அக்காவும்கூட இரட்டைதான். பத்து நிமிடம் முந்திக்கொண்டதற்காக ஆயுளுக்கும் அவள் அக்கா, நான் தம்பி. பிள்ளை இல்லை என்று புகுந்த வீடு திருப்பி அனுப்பிய பிறகு, ஆறு வருஷமாக என்னோடு இருக்கிறாள்.

டாக்டர் காளையை நடக்கவிட்டுப் பார்த்தார். விதைப்பையை நாடாவால் அளந்தார். பிறகு, "தனியாப் பிறந்ததா?" என்றார்.

என் வாய் சும்மா இருக்குமா?

"ஏன் சார், இரட்டைன்னா என்ன குறைச்சல்? நான்கூட இரட்டைதான். எனக்கு மூணு பிள்ளைங்க!" என்று எகிறினேன். அக்கா பக்கத்தில் நிற்கிறாள் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

டாக்டர் சிரித்தார். "கோபப்படாதீங்க. காளைக்கு அதனால ஒண்ணும் இல்லை. விந்துப் பரிசோதனையில தேறினா எடுத்துக்குவோம். கூடப் பிறந்தது எது?"

அக்கா பெருமையாகக் கிடேரியைக் காட்டினாள். அது அவள் செல்லம். பருவத்துக்கு வரும் நாளை எதிர்பார்த்துக் காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டு வைப்பாள். நாலு மாதமாக வட்டம்தான் மிச்சம். கேட்டால், "கொஞ்சம் மந்தம், வேறொண்ணுமில்ல" என்பாள்.

டாக்டர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. நீளக் கையுறையை மாட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார்.

"கர்ப்பப்பை வளரவே இல்லைம்மா. வயித்துல ரெண்டுக்கும் ரத்தம் கலந்துட்டா காளை தப்பிச்சிடும், கிடேரிதான் மலடாயிடும். இப்படிக் காளையோட சேர்ந்து பிறக்கிறதுல பத்துக்கு ஒன்பது இந்தக் கதைதான். வெச்சிருக்காதீங்க, தீவனம்தான் வீண்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. வெட்டியவன் நான். என் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போல இருந்தது.

அக்கா கேட்டாள்: "மனுஷங்களுக்கும் இப்படித்தானா சார்?"

"சேச்சே, மனுஷங்களுக்குக் கிடையாதும்மா."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "போச்சு போ. உன்மேல பழி போடவும் வழியில்லாமப் பண்ணிட்டாரு."

எனக்கு அழுகைதான் வந்தது.

பரிசோதனைக்குக் காளையை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. கிடேரி இரண்டு தரம் கத்திவிட்டு அடங்கியது. அக்கா அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"இவளை நாமளே வெச்சிருக்கலாம், இல்லடா?"

உடனே ஆமாம் என்றிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. அதற்குள் என் பாழும் கண் வைக்கோல் போர்ப் பக்கம் போய்விட்டது. வருகிற கோடைக்கு அது தாய்ப்பசுவுக்கே காணாது.

நான் எங்கே பார்த்தேன் என்பதை அக்கா பார்த்துவிட்டாள்.