தும்பிக்கையின் ஒன்பது அடி

சென்னையிலிருந்து வந்த டிசைனர் குமரகுருவை முதல் நாளே இசக்கிச்செல்விக்குப் பிடிக்கவில்லை. வந்த மூன்று நாளில் ஒரு தடவையாவது பிள்ளைகள் விளையாடுவதை நின்று பார்த்திருப்பாரா அந்த மனுஷன்? போனில் நாலு படம், லேப்டாப்பில் ரெண்டு தட்டு, முடிந்தது. இதற்குப் பேர் ஆய்வாம். தூ!

குற்றாலத்து அருவிக்கரைப் பூங்காவில் ஒரு சிமென்ட் யானை உண்டு. முதுகில் ஏறி, தும்பிக்கை வழியாகச் சறுக்கி இறங்கலாம். காது ஒன்று உடைந்து, வயிற்றில் கம்பி தெரிய நின்றது. பூங்கா அலுவலகத்தில் இளநிலைப் பொறியாளரான இசக்கிச்செல்வி, பத்து மூட்டை சிமென்டும் இரண்டு வாரமும் இருந்தால் அதைச் சரிசெய்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தக் காகிதம் எந்த மேசையில் செத்ததோ, அதற்குப் பதிலாகக் குமரகுரு வந்தார். யானைக்குப் பக்கத்திலேயே பளபளவென்று நீல ஃபைபர் சறுக்கு ஒன்றை நிறுத்தினார்.

அதன் அடிப்பகுதியை அவள் டேப் பிடித்து அளந்து பார்த்தாள். சறுக்கி வரும் பிள்ளை வேகம் குறைந்து நிற்க ஒன்றரை அடிதான் சமதளம். அதைத் தாண்டினால் ஒரு ரப்பர் விரிப்பு, கொஞ்சம் ஜல்லி, எட்டடியில் கல் சுவர். யானையின் தும்பிக்கையோ கீழே வந்ததும் ஒன்பது அடிக்குத் தரையோடு தரையாக நீண்டு கிடக்கும். ஈரச் சிமென்டில் விளக்குமாற்றால் கீறிவிட்ட சொரசொரப்பு வேறு. கட்டினவன் ஒன்றும் கிறுக்கனில்லை. குற்றாலத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் அருவிக்குப் போவார்கள். அருவியில் வரிசை நீண்டுவிட்டால், அப்பன்மார் வரிசையில் நிற்க, பிள்ளைகள் எண்ணெய் வழிய வழியப் பூங்காவுக்குள் ஓடிவந்துவிடும்.

“சார், இங்கன பிள்ளைக எண்ணெயோட வரும். நிக்காது, பறந்துரும். சொவத்துலதான் போய் முட்டும்” என்று அவள் சொன்னபோது குமரகுரு வாய்விட்டுச் சிரித்தார்.

“எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு யாராவது பார்க்குக்கு வருவாங்களா மேடம்? இது ஸ்டாண்டர்டுபடி போட்ட டிசைன்.”

வந்த ஊரில் என்ன நடக்கிறதென்று தெரியாதவனுக்கு ஸ்டாண்டர்டு ஒரு கேடா!

அலுவலக மேலாளர் நமசிவாயத்துக்கோ ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. சனிக்கிழமை காலையிலேயே யானையை இடிக்க ஜேசிபியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். புதுச் சறுக்கு பாதுகாப்பானது, பழையதை அகற்றலாம் என்ற சான்றில் இசக்கிச்செல்வி கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

“ஏம்மா, போடுதியா, இல்ல சிவகிரிக்கு மாத்திவிடட்டுமா? பெறகு எங்கிட்ட வந்து அழக்கூடாது” என்றார்.

அவளுடைய மகள் தென்காசியில் ஒன்றாம் வகுப்பு. சிவகிரிக்கு மாற்றினால், காலையில் பிள்ளை எழுவதற்கு முன்னால் பஸ் ஏற வேண்டும். ஆத்திரத்தில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. இந்த ஆளுக்கு முன்னால் அழுவதாவது என்று விழுங்கிக்கொண்டாள். பேனாவைத் திறந்தாள். மூடினாள்.

அப்போதுதான் குமரகுரு வந்தார். மசாஜ் கடையிலிருந்து நேராக வருகிறார். இடுப்பில் ஒரு துண்டு, அதற்குள் ஒரு டிரவுசர், உச்சி முதல் பாதம் வரை எண்ணெய்.

“சீக்கிரம் போடுங்க மேடம். ஃபால்ஸ்ல கூட்டமா இருக்காம், அதான் இப்படி வந்தேன்.”

இசக்கிச்செல்வி அவரை மேலும் கீழும் பார்த்தாள். எண்ணெயோடு எவன் பூங்காவுக்கு வருவான் என்று கேட்ட மகாராசன்!

“நீங்க ஒரு தடவ சறுக்கிக் காட்டுங்க சார், போடுதேன். ஆனா எண்ணெயத் தொடச்சுட்டு ஏறுங்க. அப்படியே ஏறாதீங்கன்னு இப்பவே சொல்லிட்டேன்.”

“என்னோட சறுக்குல எனக்கே பயமா? பெரியவங்க வெயிட்டையும் தாங்குற மாதிரிதான் செஞ்சிருக்கேன்” என்று துண்டை வீசிவிட்டு ஏறினார். ஜேசிபி ஓட்டும் பெஞ்சமின் இன்ஜினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

உட்கார்ந்தார். அவ்வளவுதான். வழுக்கிய வேகத்தில் அவர் கத்தியதுகூடப் பின்னால்தான் கேட்டது. அந்த ஒன்றரை அடி எங்கே போனதென்று அவருக்கே தெரியாது. ரப்பர் விரிப்பைத் தாண்டி ஜல்லியில் பொத்தென்று குண்டி அடிபட விழுந்து, தேய்த்துக்கொண்டே போய், இரண்டு கால்களும் சுவரில் முட்டி நின்றார்.

“ஆத்தாடி!” என்று பெஞ்சமின் குதித்து ஓடினான். தூக்கி நிறுத்தினால், வழுக்கி வழுக்கிக் கையைவிட்டுப் போனார்.

இசக்கிச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. கால் முட்டிய இடத்தையே பார்த்தாள். பிள்ளைகள் அதில் தலைகுப்புறப் படுத்துக்கொண்டும் சறுக்கும்.

நமசிவாயம் தொண்டையைச் செருமினார். “எண்ணெய் தேச்சவங்க ஏறக்கூடாதுன்னு ஒரு போர்டு வச்சிருவோம்.”

“குத்தாலத்துலயா? அப்படியே அருவியில யாரும் நனையக்கூடாதுன்னும் ஒரு போர்டு வச்சிருங்க சார். நான் சிவகிரிக்கே போறேன். இதுல பொய்க் கையெழுத்து மட்டும் போட மாட்டேன்.”

சான்றை வாங்கி, ‘பாதுகாப்பானது’, ‘அகற்றலாம்’ இரண்டையும் அடித்துவிட்டு, ‘பாதுகாப்பற்றது. யானையைச் சீரமைக்கவும்’ என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள். கீழே ‘சோதித்துப் பார்த்தவர்’ என்று ஓர் இடம் காலியாக இருந்தது. காகிதத்தைக் குமரகுருவிடம் நீட்டினாள்.

“சோதிச்சது நீங்கதான சார்.”

அவர் நமசிவாயத்தைப் பார்த்தார். நமசிவாயம் சுவரைப் பார்த்தார். உட்கார முடியாததால் யானையின் விலாவில் காகிதத்தை வைத்து, நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார் குமரகுரு.