கவ்வாத்து வெட்டிய நிழல்

உலகத்தின் பசுமை வரலாற்றை எழுதப் போகிறவர்கள் நுகவத்தை நகரத்துக்கென்று தனியாக ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டியிருக்கும் என்று நகர சபைத் தவிசாளர் இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு கார்த்திகையில் ஒலிபெருக்கி வைத்து அறிவித்தார். அவர் அறிவித்த நேரத்தில் நகரத்தில் ஒரு மரம்கூட இல்லை. ஒரு நிழல் மட்டும் இருந்தது.

மரம் தொண்ணூற்றைந்தில் வெட்டுப்பட்டது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே நின்ற பெரிய ஆலமரத்தைச் சாய்த்துவிட்டு மணிக்கூட்டுக் கோபுரம் கட்டினார்கள். கோபுரம் வந்தது, மணிக்கூடு வரவில்லை. மரம் துண்டு துண்டாக லொறியேறிப் போனது, நிழல் போகவில்லை. காலையில் புடவைக்கடைப் பக்கம் நீண்டு கிடக்கும், மத்தியானம் சுருங்கி வட்டமாகும், பொழுது சாயச் சாய எதிர்ப்பக்கம் நகரும். காற்றடித்தால் இலை அசைகிற மாதிரி அசையும். முதல் வாரம் ஆட்கள் கூடி நின்று அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டாவது வாரம் குந்திக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். அதற்கடுத்த வருடம், ஆனைக்கல் தோட்டத்தில் பேர் வெட்டுப்பட்டு வேலை போன புஷ்பவதி ஒரு மண்ணெண்ணெய் அடுப்போடும் ஒரு பெஞ்சோடும் கீழே இறங்கிவந்து அந்த நிழலில் தேத்தண்ணிக் கடை போட்டாள். மரம் இல்லாத இடத்துக்கு வாடகை கேட்பது எப்படி என்று சபைக்கும் தெரியவில்லை.

அந்த நிழலுக்கு வேறொரு குணமும் இருந்தது. தொண்ணூற்றேழில் தோட்டத்து லயவீட்டுப் பையன் ஒருவனைப் பிடிக்க உள்ளே கால் வைத்த சார்ஜன் ஒருவரின் தொப்பியில், மேலே கிளையும் இல்லாமல் பறவையும் இல்லாமல், சொத்தென்று எச்சம் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி கால் வைத்தார். மறுபடி விழுந்தது. அதற்குப் பிறகு காக்கிச் சட்டை போட்ட யாரும் அந்த நிழலை மிதிப்பதில்லை. இடமாற்றமாகி வருகிற புதியவர்களுக்கு நிலையத்தில் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

புஷ்பவதியின் தம்பி கிருஷ்ணராஜ் பஜாரில் மூட்டை தூக்குகிறவன். அவனிடம் அடையாள அட்டை கிடையாது. பிறந்தபோது பதிந்தவர் அவனைப் பெண்பிள்ளை என்று எழுதிவைத்திருந்தார். அதைத் திருத்தக் கொடுத்த மனு கந்தோர் கந்தோராக நடந்துகொண்டிருந்தது. சண்டை நின்றிருந்த வருடங்களில் யாரும் அட்டை கேட்கவில்லை. இரண்டாயிரத்து ஆறில் மறுபடி கேட்கத் தொடங்கினார்கள். மேல்லயத்திலிருந்து ஐடென்டி இல்லாமல் பிடிபட்டுப் போன ஒருவன் எங்கே இருக்கிறான் என்று அவன் தாய்க்கே தெரியவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் கிருஷ்ணராஜ் மூட்டையைப் போட்டுவிட்டு அக்காவின் கடைக்குள் வந்து நிற்பான். ஜீப் போனதும் மூட்டையைத் தூக்குவான். புஷ்பவதிக்குத் தேத்தண்ணிக் கடை பிழைப்பு. நிழல்தான் தம்பி.

இந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து, வெயிலில் வாடும் நகரங்களைப் பசுமையாக்கத் திட்டம் போடுவதற்கு அரசாங்க மானியம் வருகிறது என்று செய்தி வந்தது. தவிசாளர் அன்றிலிருந்து வெயிலில் வாடத் தொடங்கினார். குடை பிடிக்க ஓர் ஆளோடு நடந்தார். மானியம் கிடைத்தால் மரம் வளர்ப்பதைப் பற்றிப் படிக்கச் சிங்கப்பூர் போகலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நகரம் வாடிக் கிடக்கிறதா என்று பார்க்க அதிகாரிகள் வருவார்கள் என்பதும், வாடாத இடம் ஒன்று நகரத்தின் நட்டநடுவில் இருக்கிறது என்பதும் அவருக்குப் பிறகுதான் உறைத்தது. புஷ்பவதியிடம் பேச, சபையின் ஒரே தமிழ் உறுப்பினரும் புடவைக்கடை முதலாளியுமான நாகலிங்கத்தை அனுப்பினார். நாகலிங்கம் வெள்ளைச் சட்டை கசங்காமல் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்.

“புஷ்பவதி, ஊருக்கு நல்லது வரப்போகுது. நீ கொஞ்சம் ஒதுங்கிக்க.”

“எங்க முதலாளி ஒதுங்குறது? வெயிலுக்கா?”

“இந்த நெழல எடுத்தாத்தான் காசு வரும்.”

“மரம் நடுறதுக்குக் காசா?”

“நடுறதுக்கு இல்ல. எங்க நடலாமுன்னு யோசிக்கிறதுக்கு.”

“யோசிக்கவா அம்புட்டுத் தூரத்துல இருந்து காசு வருது? நாங்க சும்மாவே யோசிச்சுக்கிட்டுத்தானே கெடக்குறோம்.”

“ஒனக்கு இதெல்லாம் வெளங்காது. திட்டம் வந்தா மரம் வரும், மரம் வந்தா நெழல் வரும்.”

“அப்ப இருக்குறத வெட்டிப்புட்டு, வரப்போறதுக்கு வெயில்ல நிக்கணும்?”

“அதான் திட்டம்,” என்றார் நாகலிங்கம். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் காசு வைக்காமல் எழுந்து போனார். அவர் அவளிடம் குடிப்பதெல்லாம் ஊர்சேவைக் கணக்கில் சேரும்.

நிழலை எடுப்பது லேசாக இல்லை. தரைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், நிழல் சுண்ணாம்பின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. பெரிய விளக்குகளைக் கொண்டுவந்து எரித்தார்கள், நகரத்தில் கரண்ட் போனது. தார் போட்டார்கள், தார் சீக்கிரமாக ஆறி இறுகியது, அவ்வளவுதான். கடைசியில் நாகலிங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. ஆனைக்கல் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டுகிற அழகமுத்துவைக் கூட்டிவந்தார். சபையில் கைதட்டினார்கள். தவிசாளர் அதைத் தன்னுடைய யோசனை என்று குறித்துக்கொண்டார்.

தை பிறந்த மறுவாரம் அழகமுத்து கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்து நின்றபோது புஷ்பவதி அடுப்பை அணைக்கவில்லை.

“அழகமுத்தண்ணே, ஒங்களுக்கே இது நல்லாருக்கா?”

“எனக்கென்னா தங்கச்சி தெரியும்? தொரமாரு வெட்டுன்னா வெட்டுறது. செடின்னாலும் வெட்டுவேன், நெழலுன்னாலும் வெட்டுவேன்.”

“எந்தம்பி நிக்கிற எடம் அது.”

“அவன அந்தப் பக்கம் நிக்கச் சொல்லு, கத்தி பட்ரும்,” என்றார் அழகமுத்து. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே கத்தியைப் பற்றித்தான் கவலை.

குனிந்து, மலையில் வெட்டுகிற மாதிரியே, சரிவாக, ஒரே வீச்சில் வெட்டினார். வெட்டு விழுந்த நிழல் துண்டுதுண்டாகக் குவிந்தது. சபை ஆட்கள் அதைச் சாக்கில் அள்ளி ட்ராக்டரில் ஏற்றிக் குப்பைமேட்டில் கொட்டினார்கள். அன்றைக்குக் குப்பைமேட்டு நாய்கள் எழும்பவே இல்லை. பின்நேரம் பார்த்தால் தரையெல்லாம் வெயில். ஒரேயொரு கீற்றுமட்டும் மிச்சம், ஓர் ஆள் நிற்கலாம், அதுவும் பக்கவாட்டில். கவ்வாத்து வெட்டும்போது செடி மூச்சுவிட ஒரு கிளையை விட்டுவைப்பது தோட்டத்து வழக்கம். அழகமுத்துவின் கை அதைக் கேட்காமலே விட்டிருந்தது. இதையும் எடு என்று நாகலிங்கம் சத்தம் போட்டார். எடுத்தால் செத்துப்போகுமே என்று அழகமுத்து திகைத்துப் பார்த்தார். சாவதற்காக வெட்டச் சொல்கிறார்கள் என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை. வாழ்நாளில் அப்படி எதையும் வெட்டச் சொல்லி அவரிடம் யாரும் கேட்டதில்லை. கூலியை வாங்கிக்கொண்டு மலையேறிப் போனார்.

அதிகாரிகள் சொன்ன தேதிக்கு வரவில்லை. ஜீப்தான் வந்தது. மாசி மாதத்து மத்தியானம், கபூர் நானாவின் அரிசிக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த கிருஷ்ணராஜ் சத்தம் கேட்டு ஓடிவந்து அந்தக் கீற்றில் ஏறி நின்றான். வயிற்றை உள்ளே இழுத்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, பந்தல்கால் மாதிரி நின்றான். புதிதாக வந்திருந்த சார்ஜனும் இரண்டு கான்ஸ்டபிள்களும் நிழலின் ஓரத்தில் வந்து நின்றார்கள். கையை நீட்டி இழுக்கலாம்தான். கையும் நிழலுக்குள் போக வேண்டும்.

“ஐடென்டி,” என்றார் சார்ஜன்.

“எழுதிப் போட்டிருக்கு மாத்தயா,” என்றாள் புஷ்பவதி சிங்களத்தில். “இன்னைக்கோ நாளைக்கோ வந்துரும்.”

“வரட்டும். நாங்களும் நிற்கிறோம்.”

நின்றார்கள். புஷ்பவதி மூவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு நின்றார்கள். வெயில் நகர நகரக் கீற்று நகர்ந்தது, கிருஷ்ணராஜ் அதோடு பக்கவாட்டில் நகர்ந்தான், அவனோடு அவர்களும் நகர்ந்தார்கள். புடவைக்கடை வாசலில் நின்ற நாகலிங்கம் உள்ளே போய்த் துணி மடிக்கத் தொடங்கினார். புஷ்பவதி காலிக் கிளாஸ்களைக் கழுவி வைத்தாள். தம்பியின் முகத்தைப் பார்க்காமல் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒன்று கண்ணில் பட்டது. பொழுது சாயச் சாயக் கீற்று நீண்டுகொண்டு போனது. கோபுரத்தைத் தாண்டி, சாக்கடையைத் தாண்டி, றோட்டைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்தை நோக்கி. தோட்டத்துக்குப் போகிற கடைசி பஸ் வந்து நின்றபோது அதன் மிதிபலகையில் நிழல் ஏறியிருந்தது.

“டேய், நேராப் போடா,” என்றாள். “கம்பி மேல நடக்கிற மாதிரிப் போ. திரும்பிப் பாக்காத.”

ஒரு காலுக்கு நேரே மறுகாலை வைத்து அவன் நடந்தான். கான்ஸ்டபிள்கள் இரண்டு பக்கமும் நடந்தார்கள். பஸ்ஸுக்கு இரண்டெட்டு இருக்கும்போது சார்ஜன் பொறுக்கமாட்டாமல் ஒரு காலைத் தூக்கி நிழலில் வைத்தார். முன்னொரு காலத்தில் எச்சம் மரம் முழுக்கப் பரவி விழும். இப்போது மற்றக் கிளையெல்லாம் வெட்டுப்பட்டதால் காக்கை, குருவி, வௌவால் அத்தனையும் அந்த ஒரு கிளையில்தான் அடைந்திருக்க வேண்டும். தொப்பி, தோள்பட்டி, பெல்ட் எல்லாம் நிறைந்தது. கான்ஸ்டபிள் ஒருவர் தண்ணீர் எடுக்க ஓடினார். பஸ் போய்விட்டது.

சித்திரை மழை இறங்கியதும், கவ்வாத்து வெட்டிய எந்தச் செடியும் செய்கிறதை நிழலும் செய்தது. கீற்றைச் சுற்றிக் கொழுந்து விட்டது. வைகாசியில் பஜாரை மூடியது. வழக்கப்படி தாமதமாக, ஆனிமாதம், அதிகாரிகள் வந்து சேர்ந்தபோது நகரம் முழுக்க நடுமத்தியானத்தில் விளக்குப் போட்டு உட்கார்ந்திருந்தது. தவிசாளர் அறைக்குள் குளிருக்குச் சால்வை போர்த்தியிருந்தார். இது மேகம் என்றார் அவர். அதிகாரிகள் வானத்தைப் பார்த்தார்கள், பளிச்சென்று இருந்தது. தரையைப் பார்த்தார்கள், இலை அசைந்தது. மானியத்துக்காக மரங்களையெல்லாம் எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறீர்கள் என்று பெரிய அதிகாரி கடுமையாகச் சொன்னார். பிறகு புஷ்பவதியின் பெஞ்சில் உட்கார்ந்து ப்ளேன்டீ குடித்து, அப்படியே கண்ணயர்ந்து, எழும்பியபோது மனம் இளகியிருந்தார். திட்டம் போட மானியம் கிடையாது, ஆனால் மாகாணத்தின் மிகப் பசுமையான நகரம் என்ற விருதுக்குச் சிபாரிசு செய்வதாகச் சொல்லிப் போனார். ஆரம்பத்திலிருந்தே தான் விருதுக்குத்தான் பாடுபட்டதாகத் தவிசாளர் அடுத்த கூட்டத்தில் விளக்கினார். விருதுக்கு அனுப்பிய படத்தில் புஷ்பவதியின் கடை நடுவில் விழுந்திருந்ததால் அதை அகற்றும் தீர்மானத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

இப்போதும் நுகவத்தையில் வெயில் பார்க்க வேண்டுமென்றால் பலாங்கொடைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏற வேண்டும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மிளகாயைத் தோட்டத்துக்கு அனுப்பிக் காயவைக்கிறார்கள். பஜாருக்குள் ஜீப் வருவது நின்றுபோனது, நிழலை மிதிக்காமல் வர வழியில்லை. கிருஷ்ணராஜ் ஆண்பிள்ளை என்று இரண்டாயிரத்து ஒன்பதில் அரசாங்கம் ஒத்துக்கொண்டது. அட்டை வந்த பிறகும் ஜீப் சத்தம் தூரத்தில் கேட்டால் அவன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறான்.

விருது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு தொடக்கத்தில் இரத்தினபுரியில் கொடுத்தார்கள். நகரத்தில் துணி காயாமல் அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. தவிசாளரும் நாகலிங்கமும் வேனில் போய், மேடையேறி, மாலை போட்டுக்கொண்டு, அன்று பின்நேரமே திரும்பிவந்தார்கள். நாகலிங்கம் விருதைக் கையில் வைத்துக்கொண்டு நேரே புஷ்பவதியின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

“நான் அன்னைக்கே சொன்னேன் புஷ்பவதி, ஊருக்கு நல்லது வரப்போகுதுன்னு.”

“சொன்னீங்க முதலாளி,” என்றாள்.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, காயாத சட்டையையும் வேட்டியையும் இழுத்துவிட்டு எழுந்து போனார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் பெஞ்சு ஈரமாக இருந்தது.