விற்பனைக்கு: கோழிக்கொட்டகை, கிழக்குப் பார்த்தது

1

முட்டை வராததால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். லண்டனிலிருந்து தள்ளியிருக்கும் நெதர் கூம் கிராமத்தில் பல வருடமாக மளிகைக்கடை வைத்திருக்கிறேன். எனக்கு முட்டை கொடுக்கும் கிளைவ் ஹார்ட்நோல் ஒருநாள் வெறுங்கையோடு வந்தார்.

"கோழிங்க முட்டை போட மாட்டேங்குது. வீடு பார்க்க ஆளுங்க வந்துட்டே இருக்காங்க."

"உங்க வீட்டையா?"

"கோழிங்க வீட்டை."

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'ஆப்பிள் மரங்கள் பூத்துக் குலுங்கும் அந்த அழகிய கிராமத்தில்...' அடித்துவிட்டேன். ஆப்பிள் மரம் இருந்த இடத்தில் இப்போது லண்டன்காரர்களின் கார்கள் நிற்கின்றன. வெள்ளிக்கிழமை வரும், ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

நடந்தது இதுதான். கிளைவ் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மேவிஸ், வீடு என்ன விலை போகும் என்று சும்மா தெரிந்துகொள்ள ஒரு புரோக்கரைக் கூப்பிட்டார். பியர்ஸ் என்ற அந்த இளைஞன் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோட்டத்துக் கோழிக்கொட்டகை முன்னால் போய் நின்றுகொண்டான்.

"கல்லுக் கட்டடம் சார் இது."

"உள்ள கோழி இருக்குப்பா."

"இப்போதைக்கு இருக்கு சார்."

(பியர்ஸை நீங்கள் நம்பமாட்டீர்கள். இவனைக் கொஞ்சம் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.)

கிளைவ் விளையாட்டாக, "அப்போ வித்துடு" என்றார். மறுநாளே வாசலில் பலகை முளைத்தது. விலை தொண்ணூறாயிரம் பவுண்டு. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது என்பதை விளம்பரத்தில் 'அடக்கமான உயரம்' என்று போட்டிருந்தான்.

3

சனிக்கிழமை மழை. பார்க்க வந்தவர்களின் வரிசை வேலி தாண்டி நின்றது. நனைகிறார்களே என்று கிளைவ் தட்டில் தேநீர் எடுத்துப் போனார். வரிசையின் நடுவில், குடையின் கீழே அவர் மகள் லோர்னா நின்றிருந்தாள். இந்த ஊர்ப் பள்ளியில்தான் அவளுக்குச் சமையல் வேலை. குடியிருப்பது வெகுதூரத்தில், வாடகைக்கு.

"நீ எங்கம்மா இங்க?"

"கொட்டகை பார்க்க வந்தேன்ப்பா. இந்த ஊர்ல என் சம்பளத்துக்குக் கிட்டத்துல வர்றது இது ஒண்ணுதான்."

"மாடில உன் ரூம் அப்படியே இருக்கே."

"கீழ அம்மாவும் அப்படியே இருக்காங்களே. எனக்கு நாப்பது தாண்டிடுச்சுப்பா. தனியா ஒரு சாவி வேணும்."

பின்னால் நின்றவர், "கொஞ்சம் நகருங்க, வரிசை போகுது" என்றார். லோர்னா நகர்ந்தாள். கிளைவ் தட்டோடு அங்கேயே நின்றார். கோப்பைகளில் மழை விழுந்தது.

'அப்போதுதான் அவருக்குத் தன் மகள்...' என்று ஒரு வாக்கியம் எடுத்தேன். முடிக்க வரவில்லை. விட்டுவிட்டேன்.

4

முதல் முடிவு: கொட்டகையை மகளுக்கே கொடுத்துவிடுகிறார். (மேவிஸ் படித்துவிட்டு, "கோழிங்களை எங்க விடுவாராம்? என் சமையல்கட்டுலயா?" என்றார்.)

இரண்டாவது முடிவு: மகளுக்கு வீடு, பெற்றோருக்குக் கொட்டகை. (கிளைவுக்குப் பிடித்திருந்தது. மேவிஸ் என் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பியர்ஸ் போன் செய்தான். மேவிஸ் எடுத்தார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "லண்டன் பல் டாக்டர் ஒருத்தர் ரெண்டு லட்சம் தர்றாராம். இப்பவே பதில் வேணுமாம்" என்றார்.

லோர்னா நனைந்த காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "குடுத்துடுங்கப்பா. நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்."

கிளைவ் போனை வாங்கிக் காதில் வைத்தார்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. நீங்கள் சொந்த வீட்டில் இருந்து படிக்கிறீர்களா, வாடகை வீட்டில் இருந்தா என்பது எனக்குத் தெரியாது. போனை உங்களிடம் தருகிறேன். பியர்ஸ் காத்திருக்கிறான். லோர்னாவுக்கும் கேட்கும்படி பேசுங்கள்.