ஸ்டானுக்கு ஆறு வரி

எங்கள் ஊர் வாரப் பத்திரிகையின் வரலாற்றை எழுத உட்கார்ந்தவர்கள் எல்லாரும் மேயரைக் கவிழ்த்த கதையோடுதான் ஆரம்பிக்கிறார்கள். கவிழ்த்தோம், வாஸ்தவம். அடுத்து வந்த மேயரும் அதே லட்சணம்தான். பத்தொன்பது வருஷம் வரி விளம்பர மேசையில் உட்கார்ந்தவள் நான். எனக்குத் தெரிந்த வரலாறு வேறு.

1987 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, க்ளென் என்பவர் ஒரு தாளோடு வந்தார். பதினோரு வருஷம் அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த ஸ்டான் எய்ட்ஸில் இறந்துபோயிருந்தார். தினசரியில் வந்த மரண அறிவிப்பில் அம்மா இருந்தார், தங்கை இருந்தாள், நாயின் பெயர்கூட இருந்தது. க்ளென் இல்லை.

"குடும்பம் குடுத்ததைத்தான் போடுவோம்னுட்டாங்க" என்றார். "வியாழக்கிழமை அடக்கம். அதுக்குள்ள எங்கயாவது அவன் பேரோட என் பேரும் வரணும்."

தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியர் ரஸ்ஸிடம் போனேன்.

"மார்லின், நாம எப்ப சாவுச் செய்தி போட்டிருக்கோம்? அதுக்குப் பக்கமே கிடையாதே."

"மசாஜ் விளம்பரத்துக்கு மட்டும் மூணு பக்கம் இருக்குல்ல."

ரஸ் தலையைச் சொறிந்தார். "உன் பக்கத்துல நீ என்னமோ பண்ணிக்கோ. நான் பாக்கல."

புதன்கிழமை, பழைய டிரம் செட்டுக்கும் வாடகை அறைக்கும் நடுவில் ஆறு வரி வந்தது. ஸ்டான் வொயிட்சிக், வயது 35, பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர். கடைசி வரியில், வாழ்க்கைத் துணை க்ளென் ஹார்ட்மன்.

வெள்ளிக்கிழமை கறுப்புக் கோட்டு போட்ட ஒரு வயதான அம்மாள் எங்கள் பத்திரிகையோடு மேசைக்கு வந்தார். "நான் ஸ்டானோட அம்மா."

எனக்குக் கோபம் வந்தது. நாயைச் சேர்த்த புண்ணியவதி இவர்தானே.

"இதுல தப்பு இருக்கு" என்றார். "முப்பத்தஞ்சு இல்ல, முப்பத்திநாலு. பொறந்தநாளுக்கு இன்னும் ஒம்பது நாள் இருந்துச்சு."

"மன்னிச்சுக்கோங்கம்மா. அடுத்த வாரம் திருத்தம்னு ஒரு வரி போட்டுடறேன்."

"ஒரு வரி வேணாம்." கையுறையைக் கழற்றி, க்ளெனின் பெயர்மேல் விரலை வைத்தார். "முழுசா திரும்பப் போடுங்க. இந்தப் பையன் பேரும் இருக்கணும். நேத்து கல்லறையில எல்லாருக்கும் பின்னால தனியா நின்னான். நான் கூப்பிடல."