போன வருஷத்துப் பேச்சு

என் அக்கா மீஸேயும் நானும் நகரத்திலிருந்து தெற்குக் கடற்கரைக்கு வந்தோம். டாலாடாலா மினிபஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்தாள்.

"சிலிமா, மொதல்ல நான் கோம்போகிட்ட ஒண்ணு கேக்கணும். அதுவரைக்கும் நீ வாழைத்தண்டைத் தொடாத."

"சரிக்கா."

அவள் கணவர் மகாமே, கோம்போவின் படகில் மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. கடல் இழுத்துக்கொண்டது என்றான் கோம்போ. ஆனால் கூடப் போனவனின் மனைவி அக்காவிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தாள். அவர்கள் வெடி போட்டு மீன் பிடித்தார்கள். வெடி மகாமேயின் கையிலேயே வெடித்துவிட்டது. போலீசுக்குப் பயந்து எதிரே உள்ள குட்டித் தீவில் அவரைப் புதைத்தது கோம்போ. எந்த இடம் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். துக்கம் காத்த மாதங்கள் முடிந்ததும் அக்கா இந்தப் புத்தாண்டு விழாவுக்காகக் காத்திருந்தாள்; ஊர் கூடிய இடத்தில் கேட்டால் அவன் தட்ட முடியாது. அந்த இடம் தெரிய வேண்டும், வேறொன்றும் அவளுக்கு வேண்டாம்.

விழாத் திடலில் புழுதி பறந்தது. ஆண்கள் வாழைத்தண்டுகளால் ஒருவரையொருவர் விளாசிக்கொண்டிருந்தார்கள். ஆண்டு முழுவதும் சேர்ந்த கோபம் தண்டோடு நார்நாராகக் கிழிந்து போய்விட வேண்டும். வீட்டில் ஒருவர் அடித்துவிட்டால் அந்த வீட்டுக்கே வழக்கு முடிந்தது. அதற்குப் பிறகு அதைக் கிளறுகிறவர் ஊருக்குச் சாவைக் கூப்பிடுகிறவர்.

கோம்போ அடி உறைக்காமலிருக்கத் தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும், உடம்பில் மூன்று கோட்டுகளுமாக நின்றான். விழா வழக்கப்படி பெண்கள் அவனைக் கேலி செய்து பாடினார்கள்:

"கோம்போ வீட்டுச் சட்டியில குழம்பு இல்ல,
கோட்டு மட்டும் மூணு, கொழுப்புக்குக் குறைவில்ல."

அக்கா கூட்டத்தை விலக்கி அவனை நோக்கி நடந்தாள். நான் பின்னால் போனேன். கோம்போ என்னைத்தான் முதலில் பார்த்தான்.

"அடடே, நகரத்துத் தம்பி. கையில வாழைத்தண்டு பிடிச்சிருக்கியா எப்பவாச்சும்? இல்ல ஐஸ் குச்சி மட்டும்தானா?"

சுற்றிலும் சிரித்தார்கள். யாரோ ஒரு தண்டை என் கையில் திணித்தார்கள். "சிலிமா," என்றாள் அக்கா. எனக்குக் கேட்டது. ஆனாலும் அடித்தேன். ஹெல்மெட் கழன்று உருண்டது. அவனும் அடித்தான். என் உதடு கிழிந்தது. தண்டு கையில் ஈர நாராகத் தொங்கும்வரை நான் நிறுத்தவில்லை.

பெரியவர்கள் வந்து விலக்கினார்கள். கோம்போ என்னைக் கட்டிக்கொண்டான். அவன் கோட்டில் மீன் நாற்றம் அடித்தது.

"முடிஞ்சுது தம்பி. நம்ம ரெண்டு வீட்டுக்கும் முடிஞ்சுது."

எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவின் வாய் பாதி திறந்திருந்தது. பிறகு அதை மூடிக்கொண்டாள்.

தீவுக்குப் போகப் படகு தேடியபோது கோம்போவே வந்தான். "நான் கொண்டு போறேன், ஏறுங்க. இனிமே நாம சொந்தம் மாதிரிதான்." வழியில் எங்களுக்கு வறுத்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்தான். அக்கா வாங்கி மடியில் முடிந்துகொண்டாள், தின்னவில்லை.

தீவில் முட்புதர்களுக்கு நடுவே மூன்று மேடுகள் இருந்தன. மூன்றின் மேலும் பவளக்கல். கடல் ஒதுக்கிய பெயர் தெரியாதவர்களை முன்பிருந்தே அங்கேதான் புதைப்பார்கள். அக்கா மேடுகளைப் பார்த்தாள், அப்புறம் கோம்போவை. கேட்கவில்லை.

நான் கேட்டேன். "அண்ணே, விரலை மட்டும் நீட்டுங்க. போதும்."

அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தான்.

"அது போன வருஷத்துப் பேச்சு தம்பி. நீதானே அடிச்சு முடிச்ச."

அக்கா முதல் மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, இறந்தவர்களுக்காக ஓதும் யாசீனை ஓதினாள், முழுவதும், அவசரமில்லாமல். பிறகு அடுத்த மேட்டுக்குப் போனாள். வெயில் சாய்ந்தது. தண்ணீர் நாங்கள் நடந்து வந்த மணலை மூடியிருந்தது.

"தண்ணி ஏறுது, கெளம்பணும்," என்றான் கோம்போ, படகில் நின்றபடி.

ஓத நேரமில்லாமல் போன மூன்றாவது மேட்டைத் தாண்டும்போது அக்கா குனிந்து மடியிலிருந்த கிழங்கை அதன் மேல் வைத்தாள். படகில் என் பக்கத்தில் உட்காராமல், கோம்போவின் அருகே போய் உட்கார்ந்தாள்.